நனையாத பக்கம்

கூரையைத் தூக்கி வைக்க நாலு பேர் போதும் என்று வெல்டர் சொல்லியிருந்தான். நாலு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து "ம்ம், தூக்கு" என்றதும் அது தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. பிறகு அப்படியே உட்கார்ந்துகொண்டது. ஒருவன் நசுங்கிய விரலை உதறினான். தெருவில் போன இரண்டு பேரைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். ஆறு பேராகத் தூக்கி, கொல்லை வேலியை ஒரு பக்கம் பிடுங்கிப் போட்டு, கணுக்கால் சேற்றில் புதைய நடந்து படகுக்குக் கொண்டுபோனார்கள்.

"என்னடா இது, கூரையா, பாலமா?" என்றான் பின்மூலையைப் பிடித்திருந்தவன்.

"மேல லாரி ஏறினாலும் அசையாது" என்றான் வெல்டர்.

"ஆத்துக்குள்ள லாரி எதுக்குடா வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். படகுக்காரரும் சிரித்தார். சிரித்தபோது அவர் மூக்கின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி மடங்கி, ஒரு ஓரம் பிரிந்துகொண்டது.

இருபத்திரண்டு வருடமாக அவர் அந்த ஆறு கடலில் சேருகிற இடத்தில் படகு ஓட்டுகிறார். பதினெட்டு அடி ஃபைபர் படகு, பின்னால் மோட்டார், உட்காரக் குறுக்கே மூன்று பலகை. காலையில் எட்டுப் பேரை அக்கரை ஆலைக்குக் கொண்டுபோய் விட வேண்டும், சாயங்காலம் கூட்டிவர வேண்டும். நடுவில் ஆலைக்காரர்கள் சொல்லும் சாமான் சட்டு. தண்ணீருக்கு நடுவில் மரம் ஏது, நிழல் ஏது? வெயில் மேலிருந்து ஒரு தடவை அடிக்கும். தண்ணீரில் பட்டுக் கீழிருந்து இன்னொரு தடவை அடிக்கும். போன வருடம் மூக்குத் தண்டில் மிளகு அளவுக்கு ஒன்று கிளம்பியது. நகத்தால் கிள்ளினார், போனது. திரும்ப வந்தது. ரத்தம் கசிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துப் பரிசோதித்துவிட்டுத் தோல் புற்று என்றார்கள்.

"வெயில்ல போகக் கூடாது" என்றாள் டாக்டர். அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"நான் படகு ஓட்டுறேம்மா."

"அப்ப வேற வேலை பாருங்க. மறுபடி வந்தா இவ்வளவு சின்னதா வெட்ட முடியாது. மூக்கு போகும். உள்ள இறங்கிடுச்சுன்னா மூக்கோட நிக்காது."

அவர் குனிந்து செருப்பைத் தேடினார். ஐம்பத்தோரு வயதில் வேற வேலை என்பது அவருக்கு வேறு கால், வேறு கை என்பது மாதிரி.

அவர் மனைவி கட்டட வேலைக்குப் போகிறவள். பதினாறு வயதிலிருந்து செங்கல்லும் கலவையும் தலையில் சுமக்கிறவள். தெருவில் அவளுக்குச் சித்தாள் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சோறு போடும்போதே சொல்லிவிட்டாள்.

"நீங்க பாதி நாள் குடியிருக்கறது படகுல. அதுக்கும் ஒரு கூரை போட்டுடுவோம்."

"குடை வச்சுப் பாத்தேனே. காத்துல மடங்கி என் கண்ணையே குத்த வந்துச்சு."

"அதான், குடை வேணாம். துணியும் வேணாம். போன தடவை கட்டின துணி என்ன ஆச்சு?"

"அக்கரையில ஒருத்தன் வீட்டு ஜன்னல்ல தொங்குது. பாத்தேன். கேக்க வெக்கமா இருந்துச்சு."

"நல்லா இருக்கு உங்க வெக்கம். கெட்டியா ஒண்ணு போடுவோம். தம்பிகிட்ட நான் பேசறேன்."

தம்பிதான் வெல்டர். கடைத்தெரு முனையில் பட்டறை. கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவன். அவன் போட்ட கேட்டு ஒன்றில் லாரி மோதி, கேட்டுக்கு ஒன்றும் ஆகாமல் லாரியின் முகம் சப்பையானது. அந்தக் கதையைக் கேட்காமல் அவன் பட்டறையில் யாரும் ஒரு டீ குடித்துவிட முடியாது.

"அலுமினியத்துல பண்ணா லேசா இருக்கும்னு சொல்றாங்க மாப்ள" என்று படகுக்காரர் இழுத்தார்.

"அலுமினியம் என் கைக்கு வராது மாமா. அதுக்கு வேற மெஷினு, வேற கேஸு. அதுவும் இல்லாம அதென்ன உலோகமா? சோத்துப் பானை. நான் இரும்பு போடுறேன். ஒன்றரை இஞ்சு பைப்பு, கனத்த பைப்பு. உங்க காலத்துக்கும் நிக்கும், உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"மேல?"

"ஆறு எம்எம் பிளைவுட்டு. அதுக்கு மேல ஃபைபர்."

சித்தாள் பிளைவுட்டை விரலால் தட்டிப் பார்த்தாள். சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இதென்னடா, நோட்டு அட்டை மாதிரி இருக்கு. ஒரு ஆள் ஏறி நின்னா தாங்குமா?"

"படகுக் கூரை மேல எவன்கா ஏறி நிக்கப் போறான்?"

"நிக்க மாட்டான். நின்னாலும் தாங்கணும். அதுக்குப் பேருதான் கூரை. நான் எத்தனை கூரைக்குக் கலவை சுமந்திருக்கேன், எனக்குச் சொல்லித் தர்றியா?"

"சரி, பன்னெண்டு போட்டுடுவோம்."

"கொஞ்சம் கனமாயிடாதா?" என்று கேட்டார் படகுக்காரர். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கில் பிளாஸ்திரி ஒட்டியவன் பேச்சு அந்த வீட்டில் அப்போது எடுபடவில்லை.

தரையில் கூரை போடுகிறவர்களுக்கு ஒரே பயம்தான். மேலே இருப்பது கீழே வந்துவிடக் கூடாது. அதற்காகக் காலைத் தடியாக்குவார்கள், சட்டத்தைத் தடியாக்குவார்கள். இருபது நாளும் அக்காவும் தம்பியும் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். கூரையோடு சேர்ந்து வீடே சாயும் என்கிற பயம் தரையில் யாருக்கும் வருவதில்லை.

வெல்டர் பைப்புக்குள் மணலை இடித்து அடைத்து, முனையை மூடி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தான். நாலு கால், இரண்டு நீளச் சட்டம், ஏழு வளைந்த குறுக்குச் சட்டம். கொல்லையில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே பிளைவுட்டை அதன் மேல் வளைத்துத் திருகாணி போட்டு இறுக்கினார்கள். பிறகு ஃபைபர் வேலை. வெள்ளைக் கண்ணாடி நார்ப் பாயைக் கத்தரித்துப் பரப்பி, பிசினில் கெட்டிமருந்தைக் கலந்து பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊற வைக்க வேண்டும். காற்றுக் குமிழ் நிற்காமல் ரோலரால் உருட்ட வேண்டும். முதல் நாள் வெல்டர் மருந்தை அதிகமாக ஊற்றிவிட்டான். மக்கிலேயே பிசின் கொதித்துப் புகைந்தது. பிளாஸ்டிக் மக்கு அவன் கையிலேயே வாய் கோணியது.

"கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரின்னு நெனச்சியா?" என்றாள் சித்தாள்.

"நீ மட்டும் என்ன, சாந்து பூசுற மாதிரிதானே பூசுற? இழைச்சு விடுக்கா, அப்பாதே."

காலையும் சாயங்காலமும் படகு ஓட்டப் போன நேரம் தவிர, படகுக்காரரை வெயிலுக்கு வரவே விடவில்லை. அவர் வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து நார்ப் பாயைக் கத்தரித்துக் கொடுத்தார். நார் முள் ஏறி முழங்கை வரை அரித்தது. சட்டையில், படுக்கையில், தலையணையில் அரித்தது. மூன்று நாள் சோற்றில் பிசின் வாசனை வந்தது. சித்தாள் கட்டட வேலை முடிந்து வந்து, கழுத்தில் சுண்ணாம்போடு, வெளிச்சம் இருக்கிற வரை ரோலர் உருட்டினாள். இரண்டு அடுக்கு போதும் என்று தம்பி சொன்னான். மழைக்காலம் வருகிறது, மூன்றாகப் போடு என்றாள் அவள்.

அந்தக் கூரைதான் ஆறு பேர் தோளில் ஏறிப் படகின் மேல் உட்கார்ந்தது. கால்களைப் படகின் விளிம்பில் போல்ட்டுப் போட்டு முடுக்கினார்கள். அடுத்த கடல் ஏற்றத்துக்குத் தண்ணீர் ஏறியதும் படகு மிதந்தது. பழைய தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அமிழ்ந்திருந்தது. படகுக்காரர் மட்டும் ஏறி, நடுவில் காலை அகட்டி நின்றார். இந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்தினார், அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்தினார். வெகுநேரம் நின்றார்.

"எப்படி மாமா?" என்று கரையிலிருந்து கத்தினான் வெல்டர்.

அவர் நிழலில் நின்றிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் படகில் அவர் கண்ணைச் சுருக்காமல் நின்றார்.

"நல்லா இருக்கு மாப்ள" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் சந்தோஷம்தான். ஆலைக்குப் போகிறவர்களுக்கு அதைவிடச் சந்தோஷம். கேன்டீன்காரம்மா, இனிமேல் முகம் கறுக்காமல் வேலைக்குப் போவேன், புருஷன் கண்டுபிடிக்க முடியாமல் திணறப்போகிறான் என்றாள். ஃபிட்டர் ஒருவன், முன்பெல்லாம் சைக்கிளை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வருவான். நாலாம் நாள் அதைத் தூக்கிக் கூரை மேல் போட்டுக் கயிறு கட்டினான். "லாரியே தாங்கும்னாங்களே, சைக்கிள் தாங்காதா?" என்றான். மறுநாள் இரண்டு சைக்கிள். கேன்டீன்காரம்மாவின் அரிசி மூட்டையும் மேலே போனது. மேலே இடம் இருந்தால் மனிதர்கள் எதையாவது வைக்காமல் இருப்பதில்லை. மழைக்கு வேண்டும் என்று இரண்டு பக்கமும் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டான் வெல்டர். இறக்கினால் சுவர்.

அக்கரை ஆலையில் புதுக் கிடங்கு கட்ட ஆரம்பித்தார்கள். சித்தாளுக்கு அங்கே வேலை கிடைத்தது. கூரை போட்ட பிறகு அன்றுதான் அவள் படகில் முதல் தடவை ஏறினாள். நடுப் பலகையில் கேன்டீன்காரம்மா பக்கத்தில் இடம் கிடைத்தது.

நடு ஆற்றில் மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று குறுக்கே போனது. அதன் அலை வந்து தட்டியது. முன்பெல்லாம் இந்தப் படகு அலைக்குச் சடக்கென்று சாயும், சடக்கென்று நிமிரும். பல் கிட்டும். டீ கொட்டும். அன்று அப்படி இல்லை. மெதுவாக ஊர்ப்புறம், கடலுக்கு எதிர்ப்பக்கம், சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் ஒரு மூச்சு நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, அடுத்த பக்கம் சாய்ந்து, அங்கேயும் நின்றது.

"பாத்தியா, தொட்டில் மாதிரி!" என்றாள் கேன்டீன்காரம்மா. "முன்னெல்லாம் இடுப்பு ஒடிஞ்சு போகும். உன் தம்பி கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

"போட்டா உருக்கிக் கேட்டு பண்ணிடுவான்" என்றான் ஃபிட்டர்.

சித்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கழுத்து தானாக இறுகியது. அந்த நிற்றல் அவளுக்குத் தெரியும். தலையில் எட்டுக் கல் வைத்து நடந்தால் உடம்பு ஆடும், உடனே நேராகும். பதினாறு கல் வைத்துச் சாரப் பலகையில் ஏறினால் ஆட்டம் மெதுவாகிவிடும். பார்க்கிறவர்களுக்கு நிதானமாக நடக்கிற மாதிரி இருக்கும். சுமக்கிறவளுக்குத்தான் தெரியும், சுமை ஒரு பக்கம் போய் அங்கே நின்று, திரும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது என்று. ஒரு தடவை அது வேண்டாம் என்று முடிவு செய்து, அவளோடு வேலை பார்த்த ஒருத்தி இரண்டாம் மாடியிலிருந்து மணல் குவியலில் விழுந்தாள். இப்போதும் அந்தப் பெண்ணால் நேராக உட்கார முடியாது.

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் மோட்டார்க் கைப்பிடியைப் பிடித்தபடி தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நேராகத் தம்பியின் பட்டறைக்குப் போனாள். அவன் ஒரு கேட்டின் மேல் குனிந்து பொறி பறக்க விட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், அந்தக் கூரையக் கழட்டணும்."

அவன் கண்ணாடியைத் தூக்கினான். "ஏன்? எங்கயாவது வெல்டிங் விட்டுடுச்சா?"

"விடல."

"தண்ணி ஒழுகுதா?"

"ஒழுகல. கனமா இருக்கு."

"கனமா இருக்கணும்னு சொன்னது யாரு? ஆறு எம்எம்ம நோட்டு அட்டைன்னு சொன்னது யாரு? மூணு அடுக்கு போடச் சொன்னது எங்க அக்காவா, இல்ல ரோட்ல போன வேற யாராவதா?"

"நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. படகு திரும்பி வர யோசிக்குதுடா."

"படகு யோசிக்குதா? சரிதான். நாளைக்கு என் கேட்டு கனவு காணுதுன்னு சொல்லுவ." அருகில் டீ குடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"விளையாடாத. மூணு மூட்டை சிமெண்ட்ட ஒரு ஆள் தலையில வச்சு, அவன ஒரு சின்ன முக்காலி மேல நிக்க வச்ச மாதிரி இருக்கு."

"அக்கா, மாமா இருபத்திரண்டு வருஷமா படகு ஓட்டுறாரு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? அவரு ஒரு வார்த்தை சொன்னாரா? நல்லா இருக்குன்னுதான சொன்னாரு?"

அவள் கீழே கிடந்த கம்பித் துண்டைக் காலால் ஒதுக்கினாள்.

"கழட்டிட்டு?" தம்பியின் குரல் இறங்கியது. "திரும்ப வெயில்ல உக்கார வைக்கப் போறியா? டாக்டர் சொன்னத நீதான எனக்கு வந்து சொன்ன, அழுதுகிட்டு? மூக்கோட நிக்காதுன்னு."

அவள் வெளியே வந்தாள். கடைத்தெருவில் நடக்கும்போது இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தாள். கூரை இருந்தால் படகு. கூரை இல்லாவிட்டால் முகம். எதை நினைத்தாலும் மற்றது முன்னால் வந்து நின்றது.

ராத்திரி சாப்பாட்டில் புருஷனிடம் மெதுவாக ஆரம்பித்தாள். "சைக்கிளையும் மூட்டையையும் மேல வைக்க விடாதீங்க."

"சரி."

"படகு கொஞ்சம் மெதுவா ஆடுற மாதிரி இல்ல?"

"ஆள் ஏறினா அப்படித்தான். குழம்பு கொஞ்சம் ஊத்து."

மறுநாள் கூரை மேல் சைக்கிள் இல்லை. ஃபிட்டர் முணுமுணுத்தான். அவளுக்கு மனசு கொஞ்சம் அடங்கியது. இரண்டு வாரம் அப்படியே ஓடியது. காற்று இல்லாத நாட்கள். ஆறு எண்ணெய் மாதிரி கிடந்தது. வானம் மட்டும் தினமும் மத்தியானத்துக்கு மேல் கடல் பக்கம் கறுத்து, எதையோ சொல்ல வந்து சொல்லாமல் போனது.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் சொன்னது. ஆலையிலிருந்து கிளம்பும்போது காற்று நின்றிருந்தது. பறவை ஒன்றுகூட இல்லை. பாதி ஆறு தாண்டியதும் கடல் பக்கத்திலிருந்து மழை சுவர் மாதிரி நடந்து வந்தது. வந்தது நேராகக் கொட்டவில்லை, குறுக்கே அடித்தது.

"தார்ப்பாய இறக்கு!" என்றான் ஃபிட்டர். சொல்லிக்கொண்டே கடல் பக்கத்துத் தார்ப்பாயின் கயிற்றை அவனே அவிழ்த்தான். அது தொப்பென்று விழுந்து, கீழே கட்டியதும் காற்றை வாங்கி வயிறு மாதிரி உப்பியது. படகு ஊர்ப்புறம் சாய்ந்தது.

கூரை இல்லாத காலத்தில் மழை வந்தால் எட்டுப் பேரும் ஒரே மாதிரி நனைவார்கள். எங்கே உட்கார்ந்தாலும் மழைதான். அதனால் உட்கார்ந்த இடத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். கூரை வந்த பிறகு படகில் நனைகிற பக்கம் என்றும் நனையாத பக்கம் என்றும் இரண்டு பக்கம் உண்டாகிவிட்டது. தார்ப்பாயின் ஓரங்களில் மழை உள்ளே வந்தது. முதலில் கேன்டீன்காரம்மா பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்புறம் நகர்ந்தாள். பின்னால் இரண்டு பேர். பிறகு ஃபிட்டர். யாரும் தப்பாக எதையும் செய்யவில்லை. நனையாமல் இருக்கப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"எந்திரிக்காதீங்க!" படகுக்காரர் கத்தினார். கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் அது யாருக்கும் எட்டவில்லை.

படகு சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் நின்றது. ஊர்ப்புற விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இருந்தது. பிறகு மூன்று. சித்தாள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. படகு யோசித்துக்கொண்டே இருந்தது.

அவள் கடல் பக்கத்துக்குத் தாவினாள். காலைப் பலகையில் முட்டுக்கொடுத்து, தார்ப்பாய்க் கயிற்றைப் பல்லாலும் நகத்தாலும் இழுத்தாள். அது பிரிந்து வெளியே படபடவென்று பறந்தது. மழை உள்ளே கொட்டியது.

"இங்க வாங்க! எல்லாரும் இங்க வாங்க! நனைங்க!"

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் ஃபிட்டர்.

"நனைஞ்சா சாக மாட்டீங்கடா! வாங்கடா இந்தப் பக்கம்!" அவள் கேன்டீன்காரம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். கூடை உருண்டது. பாத்திரங்கள் சரிவில் ஓடி விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தன. பாத்திரம் போன வழியைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கண் திறந்தது. ஒருவன் வந்தான். பின்னால் மூன்று பேர் தவழ்ந்து வந்தார்கள். படகு இன்னும் கொஞ்சம் யோசித்தது. பிறகு, மனசே இல்லாமல், நிமிர்ந்தது.

கரை சேரும் வரை எல்லோரும் இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார்ந்து நனைந்தார்கள். இறங்கும்போது கேன்டீன்காரம்மா சண்டைக்கு வந்தாள். "என் பாத்திரம் அத்தனையும் போச்சு. கூரைய வச்சுகிட்டு நனையணுமாக்கும்? அதிசயமான குடும்பம்டி நீங்க." ஃபிட்டர் சிரித்தான். கரையில் கால் வைத்ததும் எல்லோராலும் சிரிக்க முடிந்தது. படகுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மோட்டாரை அணைத்த பிறகும் கைப்பிடியை விடவில்லை. விரல் வெளுத்திருந்தது.



ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவு. மத்தியானம் அவர் உள்ளே படுத்திருந்தார். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வெளியே வரக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. சித்தாள் கட்டடத்தில் கம்பி வளைக்கிறவனிடம் கேட்டு வாங்கி வந்த ரம்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக இறங்கினாள். போல்ட்டைக் கழற்ற முயன்றுதான் பார்த்தாள். உப்புக் காற்றில் துரு ஏறி, திருகுச் சாவியைத் திருப்பினால் சாவிதான் வழுக்கியது. தம்பியின் வேலை அப்படி. கழட்டுவதற்காக அவன் எதையும் செய்வதில்லை.

தண்ணீர் வடிந்து, படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. அவள் முதல் காலை அறுக்க ஆரம்பித்தாள். கனத்த பைப்பு. ஒரு காலுக்கு அரை மணி நேரம் ஆனது. இரண்டு பிளேடு உடைந்தது. மூன்றாவது கால் விடுபட்டபோது உள்ளங்கை கொப்புளித்திருந்தது. கூரை ஒரு பக்கம் முனகியபடி இறங்கி நின்றது. நாலாவது காலில் பாதி இறங்கியதும் பிளேடு சிக்கிக்கொண்டது. கூரையின் பாரம் அறுத்த வாயை மூடிவிட்டது. அவள் இழுத்தாள், தள்ளினாள். வரவில்லை.

"தூக்கிப் பிடிச்சாதான் வரும்" என்றது ஒரு குரல்.

அவர் கொல்லைப் படியில் நின்றிருந்தார். தலையில் துண்டு போட்டு முகத்தை மறைத்துக் கட்டியிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"நீங்க உள்ள போங்க. தம்பியக் கூப்பிடறேன்."

"அவன் வர மாட்டான்."

அவள் ரம்பத்தை விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தாள். "திட்டணும்னா திட்டுங்க."

"எதுக்குத் திட்டணும்? எனக்கு முதல் நாளே தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணில மிதந்து நான் ஏறி நின்னேன் பாரு, அப்பவே கால்ல தெரிஞ்சிடுச்சு" என்றார். "ஆள் ஏறினா இன்னும் மோசம்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் இருபது நாள் உழைச்சீங்க."

"அதுக்காகவா?"

"இல்ல. அதுக்காக இல்ல. நிழல் நல்லா இருந்துச்சு. தினமும் காலையில மோட்டாரக் கிளப்பும்போது, இன்னிக்கு ஒரு நாள், நாளைக்குச் சொல்லிடலாம்னு நெனைப்பேன். கண்ணாடில மூக்கப் பாப்பேன். இன்னும் ஒரு நாள் போகட்டும்னு தோணும்."

"எட்டுப் பேருங்க. எட்டுப் பேர ஏத்திக்கிட்டு."

"நான் எண்ணலன்னு நெனைக்கிறியா? தினமும் எண்ணித்தான் ஏத்தினேன்."

அவளுக்கு அவர் மேல் வந்தது கோபமா, வேறு எதுவா என்று தெரியவில்லை. தானும் அவர்களோடு அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

"மூங்கில் கட்டி மேல துணி போடலாம்" என்றாள்.

"மழைக்காலம் முடியற வரைக்கும் துணி நிக்காது. நாலு மாசம்."

"நாலு மாசம் வீட்ல இருங்க. நான் சுமந்து கொண்டாறேன்."

"நாலு நாள் படகு வரலன்னா ஆலைக்காரன் வேற படகு வச்சிடுவான். அப்புறம் நாலு மாசம் இல்ல, எப்பவும் வீட்லதான்."

அவர் சேற்றில் இறங்கி வந்தார். அறுத்துக்கொண்டிருந்த காலுக்குப் பக்கத்து மூலைக்கு வெளியே நின்று, இரண்டு கையையும் உயர்த்திக் கூரையின் விளிம்புக்குக் கீழே கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினார். அறுத்த வாய் ஒரு நூல் திறந்தது. பிளேடு விடுபட்டது.

கை உயர்ந்ததில் தோளோடு சேர்ந்து துண்டு இழுபட்டது. முடிச்சு அவிழ்ந்தது. துண்டு தலையிலிருந்து சரிந்து முதுகில் வழிந்து சேற்றில் விழுந்தது. மத்தியான வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. மூக்கின் மேல் பிளாஸ்திரி இல்லை. புதுத் தோல் வெளிர் சிவப்பாக, குழந்தையின் தோல் மாதிரி இருந்தது.

அவள் ரம்பத்தை நிறுத்தினாள். "துண்ட எடுத்துக் கட்டிவிடறேன்."

"நீ எறங்கி வந்து கட்டிட்டுப் போற வரைக்கும் என் கை தாங்காது. விட்டா உன் மேலதான் வரும்." அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "பேசாத. அறு."

இன்னும் பாதிப் பைப்பு இருந்தது. அவள் கொப்புளம் உடைந்த கையால் ரம்பத்தைப் பிடித்து, அவர் முகத்தைப் பார்க்காமல், வேகமாக அறுக்கத் தொடங்கினாள்.